அண்ணியின் முள்வாங்கி

என் தையல் டப்பாவில் ஒரு இரும்பு முள்வாங்கி கிடக்கிறது. மல்லாட்டை என்கிற வேர்க்கடலைக் கொல்லையில் காலில் தைக்கும் முள்ளைப் பிடுங்க அண்ணி இடுப்பில் செருகி வைத்திருந்தது. அதை வைத்து அவருடைய மோவாயில் முடி பிடுங்கியவள் நான்.

அறுபதுகளில் நாங்கள் சிங்கவரத்தில் இருந்தோம். என் அண்ணன் மனைவிக்கு முப்பத்தைந்து வயதுக்குள் மார்பில் கட்டி வந்து, ஒரு பக்கத்தை எடுத்துவிட்டார்கள். அடுத்த வருஷமே நோய் முதுகெலும்புக்குப் போய்விட்டது. குனிந்து ஒரு குடம் தூக்க முடியாது. பெண் உடம்பில் ஊறும் சுரப்புதான் அந்தக் கட்டிக்குத் தீனி, அதை அடக்க ஆண் சுரப்பு ஊசி போட வேண்டும் என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். வாரத்துக்கு மூன்று ஊசி. அண்ணன் வண்டி கட்ட, செஞ்சிக்கு நான் கூடப் போவேன். ரெண்டு மாசத்தில் வலி இறங்கியது. அண்ணி மறுபடி களத்தில் உட்கார்ந்து மல்லாட்டை உரித்தார். ஆனால் குரல் கட்டையாகிவிட்டது, மோவாயில் கருகருவென்று முடி. தெருப் பிள்ளைகள் மீசைக்காரி என்றன. "உங்க அண்ணன் ஊருக்குப் போனா இன்னா, வூட்டுக்கு ஒரு ஆம்பள நான் இருக்கறேன்" என்று அவரே சிரிப்பார். சிரித்துவிட்டு, வாசல் வெளிச்சத்தில் முகத்தைத் தூக்கி, முள்வாங்கியை என் கையில் கொடுப்பார்.

அந்தத் தை மாசம் அவலூர்பேட்டையிலிருந்து என்னைப் பெண் பார்க்க வருவதாக இருந்தது. குடும்பத்தில் என்ன சீக்கோ என்று வருகிறவர்கள் பயந்துவிடுவார்கள் என அம்மா புலம்பிக்கொண்டே இருந்தார். அண்ணி என்னைத் தனியாகக் கூப்பிட்டுக் கேட்டார்.

"நீ சொல்லு பாப்பா. உன் கல்யாணம் முடியற வரைக்கும் ஊசிய நிறுத்திக்கட்டா?"

வேண்டாம் அண்ணி என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? நான் கால் கட்டைவிரலைப் பார்த்துக்கொண்டு நின்றேன். கூச்சம் என்றுதான் இத்தனை காலம் சொல்லிக்கொண்டேன். கூச்சம் மட்டும் இல்லை. அந்த முகம் அன்றைக்குக் கூடத்தில் இருக்கக் கூடாது என்று எனக்கும் இருந்தது. பேசாமல் நின்றதையே அவர் பதிலாக எடுத்துக்கொண்டார்.

ஊசி நின்றது. முடி குறைந்தது, குரல் மட்டும் திரும்பவில்லை. வந்தவர்களுக்கு அண்ணி வாயே திறக்காமல் காபி கொடுத்தார். சித்திரையில் என் கல்யாணத்தன்று சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். அப்புறம் ஊசி போட்டும் நோய் கேட்கவில்லை. ஆடிக்குள் போய்விட்டார். விடாமல் போட்டிருந்தால் பிழைத்திருப்பாரா, எனக்குத் தெரியாது. இன்னும் கொஞ்ச நாள் வலி இல்லாமல் உட்கார்ந்து மல்லாட்டை உரித்திருப்பார்.

இப்போது என் மோவாயிலும் முடி முளைக்கிறது. வயதானால் பெண் சுரப்பு வற்றிப்போய் இப்படி வரும் என்று நர்ஸம்மா சொன்னார். போன வாரம் பேத்தியைப் பெண் பார்க்க வந்தார்கள். "அத்த, அந்த முடிய மட்டும் எடுத்துடலாமே" என்று மருமகள் மெதுவாகச் சொன்னாள். முள்வாங்கியை எடுத்தேன். கொஞ்ச நேரம் கையில் வைத்திருந்து, டப்பாவிலேயே போட்டு மூடினேன். கூடத்தில் முதல் ஆளாகப் போய் உட்கார்ந்தேன்.