வளையல் தொலைஞ்ச மடை

“வளையல் தொலைஞ்ச மடைக்கு அடுத்தது எதுங்க?”

கையில் நாற்று முடியோடு வரப்பில் நின்று, தெருவுக்குள் வருகிற ஒவ்வொருவரையும் அத்தை இப்படி ஏதாவது ஒரு மடையைக் கேட்டுத்தான் மறிப்பார். கூலி நெல்லைக் கூட்டிக் கேட்டுச் சங்கம் போராடிய காலம். கோட்டையில் ஆட்சி மாறியிருந்தது. மன்னார்குடிப் பக்கத்து எங்கள் ஊரில் பண்ணையார் மாறவில்லை. சங்கத்தில் முன்னால் நின்ற மாமாவை அவருடைய அடியாட்கள் தேடினார்கள். மாமா எங்கள் தெருவிலேயே ஒளிந்திருந்தார். முதலில் ஒரே அடையாளச் சொல்தான் வைத்திருந்தோம். எவனோ அதை ஒட்டுக்கேட்டு உள்ளே வரப் பார்த்தான். அப்புறம்தான் அத்தை மடைகளைப் பிடித்தார். வாய்க்காலின் ஒவ்வொரு மடைக்கும் நடவுப் பெண்கள் தங்களுக்குள் ஒரு பெயர் வைத்திருந்தார்கள். கிராம நிலப் பதிவேடான அடங்கலைப் புரட்டினாலும் அது கிடைக்காது. ஆளுக்கொரு மடையைக் கேட்டால், நேற்றைய பதிலை ஒட்டுக்கேட்டவனுக்கு என்ன பயன்?

ஒருநாள் முன்பின் பார்க்காத பெண் ஒருத்தி வந்தாள். அத்தை வழக்கம்போல மறித்து, வளையல் தொலைஞ்ச மடைக்கு அடுத்ததைக் கேட்டார்.

“நீ மட்டும் கேக்கலாமாக்கா? நான் உன்னை நம்ப வேணாமா? அதே மடைக்கு நீ சொல்லு பாப்போம்.”

சங்கத்தில் எல்லாரும் சமம் அல்லவா? அத்தைக்கு அது நியாயமாகப் பட்டது. “பிள்ளை பொறந்த மடை” என்றார்.

“ஆங், பிள்ளை பொறந்த மடை” என்று அதையே திருப்பிச் சொல்லிவிட்டு அவள் நடந்தாள்.

அவள் பத்தடி போனபிறகுதான் அத்தைக்கு உறைத்தது. எச்சரிக்கையாகக் குலவை போட்டார். வயல் முழுக்கக் குலவை எழுந்தது. மாமா கொல்லைப் பக்கமாக ஓடித் தப்பினார். “எம்புருசன என் வாயாலயே காட்டிக் குடுத்திருப்பேனே!” என்று தலையில் அடித்துக்கொண்ட அத்தை, பொழுது சாய்வதற்குள் புதுச் சட்டம் போட்டார். “வர்றவ கீழ்மடையச் சொல்லணும், காவல் நிக்கிறவ மேல்மடையச் சொல்லணும். எம்பதிலத் திருடி எவளும் உள்ள வர முடியாது.”

அன்று சிறுமியாக இதையெல்லாம் பார்த்த நான், கல்லூரி வாசலை மிதிக்காதவள். பழைய புத்தகக் கடையில் வாங்கிப் படித்தே கம்ப்யூட்டர் கற்றவள். வலைப்பின்னலில் முகம் பார்க்காத இரண்டு கணினிகள் ஒன்றையொன்று அடையாளம் கண்டுகொள்ள நெறிமுறை எழுதுவது என் வேலை. ஒன்று ஒரு புது எண்ணை வீசும். மற்றது அதை இருவருக்கும் தெரிந்த ரகசியத்தோடு கலந்து பதில் சொல்லும். நான் தனியாக எழுதிய முதல் நெறிமுறையை, என்னோடு வேலை செய்தவர் பென்சிலும் கையுமாக உட்கார்ந்து பத்தே நிமிடத்தில் உடைத்துவிட்டார்.

“உங்க கேள்வியையே உங்ககிட்ட திருப்பிக் கேட்டேங்க. பதிலை நீங்களே குடுத்துட்டீங்க!”

அழுகை வரவேண்டிய நேரம். நானோ நாற்காலியிலிருந்து துள்ளி எழுந்து, “கீழ்மடை! மேல்மடை!” என்று கத்தினேன். மனிதர் பயந்தே போனார். பதில் சொல்வது எந்தப் பக்கம் என்பதையும் கணக்கில் கலந்துவிட்டேன். சாயங்காலம் வரை மல்லுக்கட்டிய அவர் பென்சிலைக் கீழே போட்டார்.

அந்த வாரமே ஊருக்கு ஓடினேன். மண்ணாக இருந்த மடை இப்போது சிமெண்ட். கண்புரை விழுந்த அத்தையும், பக்கத்தில் மாமாவும் அதன் மேல் உட்கார்ந்திருந்தார்கள். காலடிச் சத்தம் கேட்டதும் அத்தை நிமிர்ந்தார்.

“யாருங்க அது? வளையல் தொலைஞ்ச மடைக்கு அடுத்தது?”

“முதல்ல நீங்க சொல்லுங்கத்தை.”

“மாரி வழுக்குன மடை” என்று மேல்மடையைச் சொல்லிச் சிரித்தார். “யாருகிட்டடி? இப்ப நீ சொல்லு. அப்பதான் ஒங்க மாமாவத் தொட வுடுவேன்.”