அமிர்தம் வந்து கேட்டால்தான்

கச்சிராயபாளையத்துக்குத் தெற்கே உள்ள அந்த ஊரில் யார் ஊராட்சித் தலைவர் என்பது பெரும்பாலும் காசியம்மாள் கையில்தான் இருந்தது. அவளுக்கென்று ஒரு சென்ட் நிலம் கிடையாது. நடவுக்கும் கரும்புக்குக் களை எடுக்கவும் நாற்பது பெண்களைக் கூட்டிப்போகிறவள். குனிந்து வேலை செய்தபடியே ஊர்க்கதை பேசுவார்கள். கரையேறும்போது நாற்பது வீட்டு ஓட்டும் ஒரு பக்கம் சேர்ந்திருக்கும்.

போன தேர்தலில் தலைவர் பதவி பெண்களுக்கு என்றானது. கரும்புக்காட்டுக்காரர் ராமசாமி தன் மனைவி அமிர்தத்தை நிறுத்தினார். சுவரெல்லாம் அமிர்தம் பெயர். தெருத்தெருவாகக் கும்பிட்டு வந்தது அவர். காசியம்மாள் வீட்டுக்கும் வந்து, பெண்களுக்கெல்லாம் புடவை எடுத்துத் தரட்டுமா என்றார்.

"பொடவ இன்னாத்துக்குங்க? அம்மாவ அனுப்புங்க. அவங்களே வந்து கேக்கட்டும்."

அவளுக்குப் பேச வராது என்று ராமசாமி சிரித்தார்.

"அப்போ எங்களுக்கும் ஓட்டுப் போட வராதுங்க" என்றாள் காசியம்மாள், குரலை உயர்த்தாமல்.

மூன்றாம் நாள் மதியம், பெண்கள் வரப்பில் சோறு தின்றுகொண்டிருந்தபோது அமிர்தம் வந்தாள். வந்தவள் வெயிலிலேயே நின்றாள். காசியம்மாள் நகர்ந்து இடம் விட்டாள்.

"வெயில்ல நின்னுக்கினு இருக்காதீங்கம்மா. உக்காருங்க."

உட்கார்ந்த பிறகு, உங்களுக்கு என்ன வேணும் என்று அமிர்தம் கேட்டாள். சுடுகாட்டுக்கு வழியில்லை என்றார்கள். பிணத்தைத் தூக்கிக்கொண்டு முழங்கால் சேற்றில் வாய்க்காலைக் கடக்க வேண்டியிருந்தது. நேர்வழி ராமசாமியின் கரும்புக்காட்டு ஓரமாகப் போகிறது.

அமிர்தம் கரும்புக்காட்டுப் பக்கம் திரும்பிப் பார்த்தாள். "நான் பாத்துக்கறேன்" என்றாள். அவள் செய்த பிரசாரம் அவ்வளவுதான். முப்பத்தாறு ஓட்டில் ஜெயித்தாள்.

முதல் கிராம சபையில் ராமசாமிதான் தீர்மானங்களைப் படிக்க எழுந்தார். கூட்டத்தின் நடுவிலிருந்து காசியம்மாள், தலைவரம்மா படிக்கட்டும் என்றாள். பெண்கள் எல்லாரும் அதையே சொன்னார்கள். அமிர்தம் தாளை வாங்கினாள். அதில் இல்லாத ஒன்றையும் கடைசியில் சேர்த்துச் சொன்னாள். தங்கள் காட்டோரம் ஆறடி, சுடுகாட்டுப் பாதைக்கு. ஊரே பார்த்துக்கொண்டிருக்க ராமசாமியால் மறுக்க முடியவில்லை. பத்து நாள் மனைவியோடு பேசவில்லையாம். அப்புறம் அவரே முன்னால் நின்று பாதைக்கு எல்லைக்கல் நட்டார்.

அடுத்த தேர்தலில் நீயே நில்லேன் என்று இப்போது பெண்கள் நச்சரிக்கிறார்கள். களைக்கொத்தை மண்ணில் தட்டியபடி காசியம்மாள் சிரிக்கிறாள்.

"நின்னா நான்தான் வூடு வூடா போவணும். இப்போ அவங்கதான நம்மள தேடி வராங்க."