தையல்காரர் காவல் காத்த ஐஸ்கிரீம்

தெருவில் எல்லோரும் அவளைக் 'காய்ச்சல் அக்கா' என்றுதான் கூப்பிடுவார்கள். ஆஸ்பத்திரி வார்டில் உழைத்து ஓய்வு பெற்றவள். நெற்றியைத் தொட்டுப் பார்க்காமல் யாரிடமும் பேச்சைத் தொடங்க மாட்டாள். இப்போது வீடுகளுக்குப் போய் நோயாளிகளைப் பார்த்துக்கொள்கிறாள். அரை மணிக்கு ஒருமுறை அவர்களை எட்டிப் பார்க்காவிட்டால் அவளுக்கு இருப்புக்கொள்ளாது.

அந்த மாதம் தையல்காரர் வீட்டில் வேலை. தொண்டை ஆபரேஷன் முடிந்து புண் ஆறிவிட்டது, விழுங்கவும் முடியும். ஆனால் சாப்பாட்டைக் கண்டாலே மனிதர் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். ஹேங்கரில் தொங்குவது போல அவர் மேல் சட்டை தொங்கியது. அடுத்த வெள்ளிக்கிழமைக்குள் எடை ஏறாவிட்டால் மூக்கு வழியாகக் குழாய் போட வேண்டியதுதான் என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

"சூப்பாவது குடிங்கண்ணே."

"வேணாம்மா. எதை வாயில வச்சாலும் வெட்டுத் துணிய மெல்ற மாதிரி இருக்கு."

"வேற என்னதான் உள்ள இறங்கும்?"

"ஐஸ்கிரீம் குடு, பார்க்கலாம்" என்றார், அவள் வாயை அடைக்க.

அவளா அடங்குவாள்? பீனட் பட்டர் போட்டுச் செய்தால் ஒரு கிண்ணத்திலேயே ஒரு வேளைச் சாப்பாட்டின் சத்து இருக்கும் என்று கணக்குப் போட்டாள். அவருக்குச் சர்க்கரை வியாதி இல்லை, கடலை ஒத்துக்கொள்ளும் என்று அவர் மனைவியிடம் கேட்டு உறுதி செய்துகொண்டாள். தொண்டையில் உரசாமல் இருக்க, கடலைத் துண்டில்லாத வழவழப்பான ரகமாக வாங்கி வரச் சொன்னாள்.

ஐஸ்கிரீம் மிஷின் எல்லாம் எதற்கு? குளிர்ந்த கிரீமைக் கெட்டியாக நிற்கும்வரை அடித்தாள். பீனட் பட்டரையும் ஒரு சிட்டிகை உப்பையும் கண்டென்ஸ்டு மில்க்கில் கட்டியில்லாமல் குழைத்து, நுரை அமுங்காதபடி கிரீமில் மெல்லப் புரட்டிச் சேர்த்தாள். டப்பாவில் ஊற்றி, வார்டுப் பழக்கத்தில் தேதி எழுதி ஒட்டி, ஃபிரீசரில் வைத்தாள்.

அதோடு விட்டிருக்கலாம். அரை மணிக்கு ஒருமுறை டப்பாவை வெளியே எடுத்தாள், மூடியைத் திறந்தாள், கரண்டியால் குத்தினாள், ஒரு கிளறு கிளறி வைத்தாள். சாயங்காலம் பார்த்தால் போஸ்டர் ஒட்டும் பசை போல இருந்தது.

அவள் கொண்டுவந்து காட்டிய டப்பாவைத் தையல்காரர் கட்டிலிலிருந்தே எட்டிப் பார்த்தார். அவருக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. "ஏம்மா, நாள் பூரா அதுக்குக் காய்ச்சல் பார்த்தா அது எப்போ உறையும்? என்னைத்தான் தூங்க விடல, அதையாவது விடக்கூடாதா?"

"இந்த மனுஷன் சிரிச்சுப் பார்த்து எவ்வளவு நாளாச்சு!" என்றாள் அவர் மனைவி.

"கவனிக்காம விட்டா எதுண்ணே உருப்படும்?" என்று அக்கா முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாள்.

ராத்திரியும் அவள் டப்பாவைத் திறந்து பார்ப்பதை விடவில்லை. மறுநாள் காலையில் அவர் தானாகவே கட்டிலை விட்டு எழுந்தார். டப்பாவை உள்ளே தள்ளி, ஃபிரிட்ஜின் இரண்டு கைப்பிடிகளையும் இஞ்ச் டேப்பால் சேர்த்துக் கட்டி, எதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்தார்.

"தண்ணி பாட்டில் எடுக்கணும்ணே."

"குழாய்ல பிடிச்சுக்கோ."

மதியம் தாண்டியதும் காவல்காரருக்கே பொறுக்கவில்லை. "ஒரே ஒரு தடவை திறந்து பார்ப்போமா?"

"கைய எடுங்க!" என்றாள் அக்கா. அவளுக்கு உள்ளூரக் குஷி. பசி இல்லாதவன் ஃபிரிட்ஜ் கதவையே பார்த்துக்கொண்டு உட்கார மாட்டான்.

சாயங்காலம் முடிச்சை அவிழ்த்தார்கள். கரண்டி சுலபத்தில் இறங்கவில்லை. முதல் வாயில் அவர் கண்ணை மூடிக்கொண்டார். பிறகு கிண்ணத்தைச் சுரண்டும் சத்தம்தான்.

"இன்னும் இருக்கா?"

அதற்குப் பிறகு தினமும் கிண்ணம் காலியானது. வாய் பழகியதும் சூப்பும் இறங்கியது. வெள்ளிக்கிழமை எடை பார்த்த டாக்டர் குழாய்ப் பேச்சையே எடுக்கவில்லை. வீட்டுக்கு வந்த கையோடு தையல்காரர் மிஷினில் உட்கார்ந்து, மெலிந்தபோது இடுப்பில் பிடித்துத் தைத்திருந்த தன் பேன்ட்டைப் பிரிக்கத் தொடங்கினார்.

"அளவெடுக்க டேப் வேணாமாண்ணே?" என்றாள் அக்கா, டேப் இன்னும் கட்டியிருந்த ஃபிரிட்ஜைப் பார்த்தபடி.

"நான் வேற வாங்கிக்கிறேன். நீ இந்த வீட்ல இருக்கிறவரைக்கும் அது அங்கேயே இருக்கட்டும்."