ஆளுக்கொரு வசனம்

வேதப்புத்தகம் விற்பவருக்குப் புத்தகம் கைமாறியதும் வேலை முடிந்துவிடும். அதை நாள்தோறும் திறக்க வைக்கிற வேலை என்றால் ஊராரின் சோம்பலுக்கெல்லாம் நாம்தான் பதில் சொல்ல வேண்டும். எண்பத்துமூன்றிலிருந்து பன்னிரண்டு வருடம், யாழ்ப்பாணத்துப் பண்டத்தரிப்புப் பக்கம் எங்கள் சபைக்காக அந்த வேலையைச் சைக்கிளில் செய்தேன். வருடத் தொடக்கத்தில் வீட்டுக்கொரு வாசிப்பு அட்டை கொடுப்பேன். எந்த நாளுக்கு எந்தப் பகுதி என்று அதில் இருக்கும். வாசித்த நாளுக்கு ஒரு கோடு போடவேண்டும். மாதம் ஒருமுறை போய்க் கோடுகளைப் பார்ப்பேன். பிள்ளைகளைத் தினமும் பல் துலக்க வைத்துப் பார்த்தவர்களுக்கு என் பாடு விளங்கும். நான் பள்ளிக்கூட டீச்சர்; பிள்ளை குட்டி இல்லை, தனியாள். அதனால்தானோ என்னவோ இந்த வேலையை என் தலையில் கட்டினார்கள்.

முந்திக்கொண்ட கோடுகள்

புகையிலைத் தோட்டம் செய்த செல்லத்துரை அண்ணை வீட்டில் நாலு பேர். அவர், மனைவி ஞானம் அக்கா, மகன் யோகன், மகள் ரஞ்சி. ஒரு மாதம் பதினாறாம் திகதி போனேன். அட்டையில் முப்பதாம் திகதி வரைக்கும் கோடு இருந்தது.

"வரப்போகிற நாளுக்கும் வாசித்துவிட்டீர்களோ?" என்று கேட்டேன். மனிதர் தோளிலிருந்த மண்வெட்டியை இறக்கவேயில்லை. "வாசிப்பன் எண்டு ஆண்டவருக்குச் சொல்லிப்போட்டன் ரீச்சர். இனி அவர் பாத்துக்கொள்ளுவார்."

சின்னச் சங்கீதம்

பிறகு யுத்தத்தில் மின்சாரம் போனது. மண்ணெண்ணெய் காணக்கிடைக்காத பொருளானது. ஜாம் போத்தலில் கொஞ்சம் எண்ணெய் விட்டு, திரி போட்டு, அந்த வெளிச்சத்தில்தான் எல்லா வீட்டிலும் சமையல், படிப்பு, ஜெபம். அந்த நேரம் பார்த்தா அட்டையில் நூற்றுப்பத்தொன்பதாம் சங்கீதம் வரவேண்டும்! நூற்றெழுபத்தாறு வசனம். வெளிச்சம் இருக்கும்போதே வாசியுங்கள் என்று உபதேசம் பண்ணினேன். வெளிச்சம் இருக்கும்போது தோட்டத்தை யார் பார்ப்பது என்று கேட்டார்கள். வீட்டுக்கு வீடு கோடுகள் நின்றுபோயின.

செல்லத்துரை அண்ணை வீட்டில் மட்டும் ஒருநாளும் தப்பவில்லை. எனக்கு மனம் குளிர்ந்துபோனது. அப்போது பார்த்து யோகன் சிரித்துக் காட்டிக்கொடுத்துவிட்டான். அந்த வீட்டில் ஒவ்வொரு நாளும் நூற்றுப்பதினேழாம் சங்கீதம்தான் நடந்திருக்கிறது. மொத்தமே இரண்டு வசனம். அண்ணை கொஞ்சமும் அசரவில்லை. "எல்லாம் அதே ஆண்டவற்றை சங்கீதம்தானே ரீச்சர். இதெண்டால் எண்ணெய் குடியாது."

மூன்றாம் வசனம்

அதற்கடுத்த வருடம், ரியூசன் வகுப்புக்கென்று சைக்கிளில் போன யோகன் திரும்பி வரவில்லை. தேடாத இடமில்லை. ஒரு தகவலும் இல்லை. அந்த மாதம் அவர்கள் படலையைத் திறக்கவே எனக்குத் தயக்கமாக இருந்தது. இந்த வீட்டில் இனி யார் வேதத்தைத் திறக்கப்போகிறார்கள் என்றுதான் நினைத்தேன். ஆனால் அட்டையில் கோடுகள் இருந்தன. எதிர்வரும் நாட்களுக்கு ஒன்றும் இல்லை.

என்னையும் ஜெபத்துக்கு இருக்கச் சொன்னார்கள். எங்கள் வீடுகளில் வட்டமாக இருந்து ஆளுக்கொரு வசனமாக வாசிப்பது வழக்கம். அண்ணை முதல் வசனம் வாசித்தார். அக்கா இரண்டாவது. பிறகு சத்தமில்லை. ரஞ்சி புத்தகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். இடம் தவறிவிட்டார்களாக்கும் என்று நினைத்து, பழக்கதோஷத்தில் மூன்றாவதை நான் வாசித்துவிட்டேன். அக்கா கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். மெல்லச் சொன்னா: "அது யோகன்ரை வசனம் ரீச்சர். அதை நாங்கள் ஒருத்தரும் வாசிக்கிறேல்லை."

அதன்பிறகு அந்த வீட்டுக்குப் போகும்போதெல்லாம், ஒரு வசனம் வாசிக்கிற நேரம் நானும் அவர்களோடு பேசாமல் இருக்கப் பழகினேன்.

கொடிகாமத்தில்

தொண்ணூற்றைந்தில் ஊரோடு இடம்பெயர்ந்தோம். கொடிகாமத்தில் ஒரு பள்ளிக்கூட வகுப்பறையின் மூலையில் எனக்கொரு பாய் அகல இடம் கிடைத்தது. புறப்பட்ட அவசரத்தில் சைக்கிளில் அரிசியை ஏற்றினேன், உடுப்பை ஏற்றினேன், வேதப்புத்தகத்தை மேசையிலேயே விட்டுவிட்டேன். ஊருக்கெல்லாம் கோடு பார்த்தவள் பத்து நாளாக ஒரு வரி வாசிக்கவில்லை. வெட்கத்தில் ஒருவரிடமும் சொல்லவுமில்லை.

பதினோராம் நாள் காலை, கிணற்றடியில் ஞானம் அக்கா என்னைக் கண்டுபிடித்துக் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போனா. பக்கத்து வகுப்பறையில் அண்ணையும் ரஞ்சியும் இருந்தார்கள். உரப்பையிலிருந்து அவர்களுடைய புத்தகம் வெளியே வந்தது. அண்ணை வாசித்தார், அக்கா வாசித்தா. நான் தலையைக் குனிந்துகொண்டு அந்த மௌனத்துக்குக் காத்திருந்தேன். அக்கா புத்தகத்தைத் தூக்கி என் மடியில் வைத்தா. "நீங்கள் தனிய இருக்கிறியள். அவன் வருமட்டும் இதை நீங்கள் வாசியுங்கோ ரீச்சர்."

ஊரையெல்லாம் வாசிக்கப் பழக்கிய நான் எனக்கென்று ஒரு வசனத்தை இரவலாகத்தான் வாங்கினேன். அதை உரியவனிடம் திருப்பிக் கொடுக்க இன்னமும் வாய்க்கவில்லை.