பஞ்ச் கார்டைப் பார்க்காமல் எழுதிய பேர்

திங்கட்கிழமை காலை எட்டரை மணிக்கு எங்கள் கம்பெனி கேட்டில் நாற்பது பேர் நின்று, "சுடலைமுத்துவ வெளிய அனுப்பு!" என்று கத்தினார்கள். ஒரகடம் பக்கத்தில் கார் பாகங்கள் அடிக்கும் பிரஸ் ஷாப் அது. நான் டைம் ஆபீஸ் சீனியர். வருகை, ஷிப்ட், ஓ.டி. எல்லாம் என் மேசையில்தான். கத்தியவர்களில் பாதிப் பேர் மண்ணூரில் என் சபைக்காரர்கள். அந்தப் பேரை ஊருக்குக் கொடுத்தது நான்தான் என்று அவர்களில் ஒருத்தருக்கும் தெரியாது.

முந்தின வியாழக்கிழமை பிற்பகல் மூன்று மணிக்கு, மதவெறி பிடித்த ஒரு கும்பல் ஊர்வலம் என்ற பேரில் வந்து எங்கள் ஜெபவீட்டின் மேல் கல்லெறிந்தது. ஓடு உடைந்து பாஸ்டர் சம்சாரத்துக்கு மண்டையில் ஆறு தையல். ஸ்டேஷனில் புகாரை வாங்கவே இரண்டு நாள் இழுத்தடித்தார்கள். இன்று நினைத்தாலும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

சபையில் ஜெபராஜ் என்று ஒருவர் பிரவுசிங் சென்டர் வைத்திருந்தார். கும்பலை டிஜிட்டல் கேமராவில் எடுத்திருந்தார். படங்களை இன்டர்நெட்டில் ஏற்றி, 'இவர்களைத் தெரிந்தவர்கள் பேர் போடுங்கள்' என்று எழுதிவிட்டார். வெள்ளிக்கிழமை சாயங்காலம் நானும் போய் உட்கார்ந்தேன். ஒருவன் முகத்தில் துண்டு கட்டியிருந்தான். ஆனால் அவன் போட்டிருந்தது எங்கள் கம்பெனி நீலச் சட்டை. பாக்கெட்டில் டோக்கன் நம்பர் 417.

நம்பரைப் பார்த்தால் பேர் சொல்வதுதானே என் வேலை? சுடலைமுத்து, ஊர் திருநெல்வேலிப் பக்கம், சேரப்பணஞ்சேரியில் இன்ன வீட்டு மாடி ரூம் என்று எல்லாவற்றையும் தட்டிவிட்டேன். 'மாட்டினியாடா' என்று ஒரு சந்தோஷம் வேறு.

சனிக்கிழமை அதைப் பிரிண்ட் எடுத்து பஸ் ஸ்டாப்பில் ஒட்டிவிட்டார்கள். ஹவுஸ் ஓனர் அவன் பெட்டியைத் தூக்கித் தெருவில் வைத்தார். திங்கட்கிழமை கேட்டுக்கே ஆள் வந்துவிட்டது.

மேனேஜர் என் ரூமுக்குள் பாய்ந்து வந்தார். "இன்னாய்யா இது? கம்பெனி பேரு நாறிக்கினு கீது! கான்ட்ராக்ட் பையன்தானே, கணக்க முடிச்சி வெளிய அனுப்பு."

சுடலைமுத்துவை லைனிலிருந்து கூப்பிட்டு அனுப்பினேன். எண்ணெய்க் கையோடு வந்து நின்றான். இரண்டு நாளாக பஸ் ஸ்டாண்டில் படுத்த கண்.

"அண்ணாச்சி, கல்லெறிஞ்சது வியாழக்கிழமை மூணு மணிக்குத்தானே? அன்னைக்கு நான் ஏ ஷிப்டு முடிச்சு ஓ.டி.யும் பாத்தேனே. என் கார்டைப் பாக்கலியா?"

ரேக்கிலிருந்து கார்டை உருவினேன். உள்ளே காலை 5:52. வெளியே மாலை 6:07. ஓ.டி. சிலிப்பில் என் கையெழுத்து. கார்டு என் நாற்காலியிலிருந்து இரண்டு முழத் தூரத்தில் மூன்று நாளாக இருந்திருக்கிறது. சீ, நானெல்லாம் ஒரு டைம் ஆபீஸ்காரன்!

"அப்போ சட்டை?"

"ஆறு பேர் ரூமு அண்ணாச்சி. கொடியில காயிறத யார் வேணாலும் எடுத்து மாட்டிக்குவோம். உங்களுக்குத் தெரியாததா?"

தெரியும். நன்றாகத் தெரியும். அடுத்தவன் நம்பர் சட்டையோடு வராதீர்கள் என்று வாராவாரம் கேட்டில் நின்று அவர்களைத் திட்டியவனே நான்தான். ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்று சும்மாவா சொன்னார்கள்.

கார்டை எடுத்துக்கொண்டு மேனேஜரிடம் ஓடினேன். அவர் அதைக் கையில்கூட வாங்கவில்லை. "கார்டு கெடக்குதுய்யா. வெளிய நிக்கறவன் கார்டா பாப்பான்?" என்றார்.

ஜெபராஜுக்குப் போன் போட்டேன். "இன்னாண்ணே, இவன் இல்லாட்டி இவன் ரூம்காரன். எல்லாம் ஒரே கும்பல்தானே?" என்றார். வாயில் வராத வார்த்தையெல்லாம் எனக்கு அன்றைக்கு வந்தது. பிறகு பேரை அழித்தார். அதற்குள் பத்து இடத்துக்குப் போய்விட்டிருந்தது.

கணக்கை முடித்து, பின் கேட் வழியாக அவனை அனுப்பும்போது கேட்டேன். "சட்டைய எடுத்தவன் யாருன்னு தெரியுமா? சொல்லு, அவன் பேரைப் போட்டு உன் பேரை எடுத்துடலாம்."

"தெரியும். வியாழக்கிழமையே ரூமைக் காலி பண்ணிட்டான். இப்போ நேரா ஸ்டேஷனுக்குப் போய் அவன் பேரைச் சொல்லுவேன், கையெழுத்தும் போடுவேன். கம்ப்யூட்டர்ல எழுத மாட்டேன். அவனுக்கும் ஊர்ல அம்மா இருக்கா."

போகக் காலெடுத்தவன் திரும்பினான். "எம் பேரை எழுதினது யாருன்னு தெரியல அண்ணாச்சி. அடியில அவன் பேர் இல்ல."

நான் கேட்டின் தாழ்ப்பாளைத் திறந்துவிட்டேன். அவன் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வல்லம் ரோட்டில் நடந்தான்.

மறுநாள் என் பேர், என் டோக்கன் நம்பர், அவன் கார்டு டைம் எல்லாம் போட்டு, 'எழுதியவன் நான், எழுதியது தப்பு' என்று அதே இடத்தில் எழுதினேன். சபையில் ஆறு மாதம் என்னோடு யாரும் பேசவில்லை. அதைப் பிரிண்ட் எடுத்து பஸ் ஸ்டாப்பில் ஒட்டவும் ஆளில்லை. நானே ஒட்டினேன்.

கல்லெறிந்தவன் கம்பி எண்ண வேண்டும். அதில் எனக்கு இன்றும் சந்தேகமில்லை. ஆனால் டைம் ஆபீஸுக்கு வரும் பிள்ளைகளுக்கு முதல் நாளே ஒன்று சொல்லிவிடுவேன். ஒருத்தன் பேரை எழுதும் முன்னால் அவன் கார்டைப் பார். பார்த்த பிறகும் எழுதத்தான் வேண்டுமென்றால், அடியில் உன் பேரைப் போடு. போடக் கை வரவில்லையென்றால், எழுதாதே.