அடுப்புக்கு இசைவு

பச்சை ஏலக்காயைச் சூட்டில் உலர்த்துகிற கட்டடத்தை எங்கள் பக்கம் ஸ்டோர் என்போம். மலைக்கு மேலே கேரளத்து எஸ்டேட்டில் நான் அந்த வேலைதான் பார்த்தேன். அடுப்பில் விறகு தள்ளுவது, குழாய்ச் சூட்டைக் கையால் தொட்டுப் பார்ப்பது. முழங்கால் மலையேற மறுத்த பிறகு, குரங்கணிப் பாதையில் எங்கள் வீட்டை ஒட்டியே சின்னதாக ஒரு ஸ்டோர் கட்டினேன். சிறு தோட்டக்காரர்கள் ஜீப்பில் காயை இறக்கினால் உலர்த்திக் கொடுக்கலாம் என்று எண்ணம். வேறு பிழைப்பு எனக்குத் தெரியாது.

கட்டுவதற்கு முன் அம்மன் கோயிலில் பூ கேட்டேன். வெள்ளை அரளியையும் சிவப்பு அரளியையும் தனித்தனி வெற்றிலையில் மடித்து அவள் காலடியில் வைத்து, கண்ணை மூடி ஒன்றை எடுக்க வேண்டும். வெள்ளை வந்தால் உத்தரவு. எனக்கு வெள்ளை வந்தது.

அடுப்பு எரிக்க அரசாங்கத்தின் இசைவும் வேண்டும் என்பது சுவர் எழும்பிய பிறகுதான் தெரிந்தது. மனு கொடுத்தேன். புகைக்கூண்டை உயர்த்தச் சொன்னார்கள், உயர்த்தினேன். கடைசியில், அதிகாரி நேரில் வந்து அக்கம்பக்கத்தில் ஆட்சேபணை உண்டா என்று கேட்பார் என்றார்கள். அக்கம்பக்கம் என்றால் ஒரே ஒரு வீடுதான். அதில் அக்காவும் அவர் புருஷன் அண்ணனும். சொந்தமில்லை, ஆனாலும் அப்படித்தான் கூப்பிடுவோம். அண்ணனுக்கு வருஷக்கணக்காக இழுப்பு. பனிக் காலத்தில் அவர் மூச்சு விடும் சத்தம் எங்கள் அடுப்படி வரை கேட்கும்.

போய் அக்காவிடம் கேட்டேன்.

“அம்மங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டுச் சொல்றேன் தம்பி” என்றார் அக்கா.

வெள்ளிக்கிழமை போய்விட்டு வந்து எங்கள் வாசலில் நின்றார். கையில் வாடிய வெற்றிலை. உள்ளே சிவப்பு அரளி.

என் மனைவிக்குப் பொறுக்கவில்லை. “இவருக்கு வெள்ளையக் குடுத்துட்டு உங்களுக்குச் செவப்பக் குடுப்பாளா? ஆத்தா என்ன ரெண்டு பேச்சுப் பேசுறவளா?”

அக்கா கோபப்படவில்லை. “தம்பி என்ன கேட்டுச்சு?”

“தொழில் வெளங்குமான்னு கேட்டேன்” என்றேன்.

“நான் பொகைய அவரு மூச்சு தாங்குமான்னு கேட்டேன்.”

போகும்போது, “அவருகிட்ட மட்டும் சொல்லிராத தம்பி. தன்னாலதான் உம் பொழப்பு போச்சுன்னு மருகிக்கிட்டே கெடப்பாரு” என்றார்.

அதிகாரி வந்த அன்று அண்ணன் மருந்து வாங்கப் போடிக்குப் போயிருந்தார். அதிகாரி புகைக்கூண்டை அண்ணாந்து பார்த்தார். நல்லா இருக்கு என்றார். பிறகு அக்காவிடம் கேட்டார்.

“எனக்கு ஒண்ணும் இல்ல சார். அம்மனுக்குத்தான்” என்றார் அக்கா.

அதிகாரி சிரித்துவிட்டார். “அம்மன் மனுவில கையெழுத்துப் போடுமாம்மா? உங்களுக்கு இல்லைன்னா இல்லைன்னே எழுதிக்கிறேன்.”

அக்கா என்னைப் பார்த்தார். நானும் பேசாமல் நின்றிருந்தால் எனக்கு அன்றைக்கே இசைவு கிடைத்திருக்கும். என் மனைவி என் சட்டையின் பின்பக்கத்தைப் பிடித்திருந்தாள்.

“ஆட்சேபணை உண்டுன்னே எழுதிருங்க சார்” என்றேன்.

அதிகாரி பேனாவை மூடினார். “ஒங்க மனுவுக்கு நீங்களே குறுக்க நிக்கிறீங்க. யோசிச்சுக்கங்க.”

யோசிக்க ஒன்றும் இல்லை. நல்ல மனசு என்று பிறகு சிலர் சொன்னார்கள். அது எதுவும் அப்போது எனக்குள் இல்லை. துக்கமும் இல்லை. மரத்துப்போன கால் மாதிரி உடம்பு முழுவதும் இருந்தது. என் மனைவி சட்டையை விட்டதுகூட எனக்குத் தெரியவில்லை.

மனு தள்ளுபடியானது. இப்போது கீழே வேறொருவர் ஸ்டோரில் கூலிக்குத் தீ தள்ளப் போகிறேன். வெள்ளிக்கிழமை கோயிலுக்கும் போகிறேன். பூசாரி கொடுக்கிற திருநீற்றைப் பூசிக்கொள்கிறேன். எதுவும் கேட்பதில்லை. அவளும் எதுவும் சொன்னதாகத் தெரியவில்லை. கும்பிடுவது மட்டும் நிற்கவில்லை.

சாயங்காலம் திரும்பும்போது அண்ணன் எங்கள் ஸ்டோர் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருப்பார். வெயில் பட்ட சுவர் முதுகுக்கு இதமாக இருக்கிறதாம். மேலே புகைக்கூண்டைப் பார்த்துக்கொண்டே கேட்பார்.

“என்னப்பு, எப்பத்தான் தீ மூட்டப் போற? ஏலக்கா வாசம் அடிச்சா எனக்கும் பாயாசம் குடிச்ச மாதிரி இருக்கும்ல.”

“பேப்பரு இன்னும் வரலண்ணே.”

“இந்த ஆபீசுக்காரங்களே இப்படித்தான். வெரசா ஒரு சோலி முடிக்க மாட்டாங்க” என்று அவர்களைத் திட்டுவார். திட்டி முடிக்கும்போது அவருக்கு மூச்சு வாங்கும். உள்ளே போய்த் தண்ணீர் கொண்டு வந்து கொடுப்பேன்.