இரண்டு அங்குலமா, மூன்று அங்குலமா

சென்ற மாரியில் எங்கள் வீட்டு ஒழுங்கையில், அந்தக் குறுகிய தெருவில், தேங்கிய வெள்ளத்தில் என் கெப் வண்டி நடுவழியில் நின்றுவிட்டது. பின் ஆசனத்தில் மனைவியின் தாயான மாமி இருந்தார். கிழமைக்கு இரண்டு தடவை கல்முனை ஆஸ்பத்திரிக்குப் போய் இரத்தம் சுத்திகரிக்க வேண்டிய உடம்பு அவருடையது. அன்றைய முறை தவறியது. மறுநாள் காலெல்லாம் வீங்கி, மூச்சுக்கு அவர் பட்ட பாட்டைப் பார்த்துப் பயந்துபோனேன். அடுத்த மாரிக்கு முன் வண்டியை உயர்த்தியே தீருவது என்று அன்றைக்கே முடிவெடுத்தேன்.

எங்கள் ஊரில் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்குக் குடிபோவது. பன்னிரண்டு வருடமாக மாமியின் வீட்டில் இருக்கிறேன்; அவர் என்னோடு நேரே கதைத்தது கிடையாது. அது பழைய மரியாதை. சொல்ல வேண்டியதைக் கதவுக்குப் பின்னால் நின்று மகளிடம் சொல்வார், எனக்கும் கேட்கிற சத்தத்தில்.

வண்டியை உயர்த்தும் கிட்டுகளை இணையத்தில் பார்த்தேன். நல்லதை வாங்குவதென்றால் வண்டியை விற்றுத்தான் வாங்க வேண்டும். சாய்ந்தமருதில் எனக்குப் பழக்கமான கராஜ் மெக்கானிக் பாஸ் இரண்டு வழி சொன்னார். முன் ஸ்பிரிங்குக்கு மேலே வளையமும் பின் ஸ்பிரிங் தகடுகளோடு இரும்புக் கட்டையும் வைப்பது ஒன்று. மலிவு, மூன்று அங்குலம் எழும்பும். ஸ்பிரிங்கையும் குலுக்கத்தைத் தாங்கும் சொக்கையுமே மாற்றுவது மற்றது. விலை கொஞ்சம் கூட, எழும்புவதோ இரண்டு அங்குலம்தான்.

"கட்டை வெச்சா உசரும் தம்பி, ஆனா குலுக்கும். ரெண்டு இஞ்சி காணும்."

"எனக்குக் காணாது. மூணு வேணும்."

"தண்ணி எவ்வளவு வந்த?"

வண்டி நின்ற இடத்து மதிலில் வெள்ளம் விட்டுப்போன கோட்டை டேப்பால் அளந்து வைத்திருந்தேன். எஞ்சின் காற்று இழுக்கும் வாய்க்கு ஓர் அங்குலம் மேலே என்றேன்.

"ஒண்டுக்கு ரெண்டு காணாதா?" என்று சிரித்தார். எனக்குக் கோபம் வந்தது. வருகிற வெள்ளம் அதே கோட்டில் நிற்கும் என்று யார் எழுதித் தந்தது? மூன்றுதான் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

அன்று பின்னேரம் கதவுக்குப் பின்னால் மாமியின் குரல் கேட்டது. "அவருட்டக் கேளு புள்ள, அவ்வளவு உசரத்துல நான் எப்படி ஏறுற எண்டு."

"ஏறலாம் எண்டு சொல்லு" என்றேன், நானும் மனைவியைப் பார்த்து. அவள் இரண்டு பேருக்கும் நடுவில் நின்று சிரித்தாள்.

சொல்லிவிட்டேனே தவிர மனம் கேட்கவில்லை. மறுநாள் நாலு சில்லுக்கும் அடியில் மூன்று அங்குலத்துக்குப் பலகை அடுக்கி, வண்டியை அதன்மேல் ஏற்றினேன். மாமி வந்து காலைத் தூக்கினார். எட்டவில்லை. குசினியில் இருந்த சின்ன ஸ்டூலைக் கொண்டுவந்து வைத்தோம். மனைவி பின்னால் தாங்கியும் ஆகவில்லை. மாமி உள்ளே போய்விட்டார்.

வெள்ளத்தை அளந்திருந்தேன், வண்டியை அளந்திருந்தேன். ஏறப்போகிறவரின் முழங்கால் எவ்வளவு மடங்கும் என்று பார்க்க எனக்குத் தோன்றவே இல்லை. வெட்கமாக இருந்தது. பலகையை இரண்டு அங்குலமாகக் குறைத்துவிட்டு மனைவியை உள்ளே அனுப்பிக் கூப்பிட்டேன். இந்த முறை ஸ்டூலில் கால் வைத்து ஏறிவிட்டார்.

"இதத்தானே நான் அண்டைக்கே சொன்ன" என்று பாஸ் வேலை முடியும்வரை குத்திக்காட்டிக்கொண்டே இருந்தார். இரண்டு அங்குலக் கிட்டைப் பூட்டி, பின் கதவுக்குக் கீழே அந்த ஸ்டூலின் உயரத்தில் ஒரு இரும்புப் படியும் பற்றவைத்துக்கொண்டு வந்தேன். விட்டுவிட்ட அந்த ஓர் அங்குலம் மட்டும் மனதை அரித்துக்கொண்டே இருந்தது.

மாரி வந்தது. மாமியின் முறை நாளன்று காலையில் வாசலிலேயே முழங்கால் தண்ணீர். கலங்கல் தண்ணீருக்குள் படி தெரியவில்லை. மனைவி குடை பிடிக்க, மாமி காலால் துழாவினார். நான் கதவைப் பிடித்தபடி, வழக்கம்போல் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு நின்றேன்.

"மருமகன், கொஞ்சம் குனிங்க."

பன்னிரண்டு வருடத்தில் முதல் தடவை. குனிந்தேன். என் தோளில் கையை ஊன்றிப் படியில் ஏறி உட்கார்ந்தார்.

ஒழுங்கையில் மெல்லப் போனோம். போன வருடம் நின்ற இடத்தில் மதிலைப் பார்த்தேன். தண்ணீர் பழைய கோட்டைத் தொட்டுக்கொண்டு நின்றது. அக்சிலேட்டரில் இருந்த என் கால் தானாகவே தளர்ந்தது.

"நிப்பாட்டாதீங்க மருமகன், ஓட்டுங்க" என்றார் பின்னாலிருந்து.

"ஓம் மாமி" என்று மிதித்தேன்.